ஆறு மாதக் கெடு

பொங்கல் கழிந்த மறு வாரம் பிரான்சிலிருந்து என் பெரியப்பா மகள் வந்து சேர்வது வழக்கம். அக்காவுக்கு வயது 82. எனக்கு 75. சம்பாக் கோயில் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் ஒரு மாதம் தங்குவார். காலையில் பூசை, மத்தியானம் உறக்கம், மாலையில் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து என்னோடு அரட்டை. பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: சைகோன்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு ‘சைகோன்காரர் வீடு’ இருந்த ஊர் இது. ஆனால் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்: “தாத்தா, நம்ம ஆளுங்க ஏன் வியட்நாமுக்குப் போனாங்க?” அவர்களுக்காகவும், இந்த ஆண்டு அக்கா கொண்டுவந்து காட்டிய ஒரு கடிதத்துக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், தமிழைப் பிற்பாடு சொந்த முயற்சியில் சரிசெய்துகொண்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. நான் பிறந்தது புதுச்சேரியில், 1950இல். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு வந்திருந்தார். ஆறு மாதக் குழந்தையாக என்னைக் கப்பலேற்றி சைகோன் கொண்டுபோனார்கள். ஏழு வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். பெரியம்மா வியட்நாமியப் பெண்மணி. அக்காவை நான் ‘சீ ஹாய்’ என்று கூப்பிடுவேன். வியட்நாமிய மொழியில் ‘சீ’ என்றால் அக்கா, ‘ஹாய்’ என்றால் இரண்டு. தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை ‘ஒன்று’ என்று யாரும் சொல்வதில்லை. தலைப்பிள்ளையே ‘இரண்டு’தான், அடுத்தது ‘மூன்று’. ஊர் திரும்பிய புதிதில், அக்காவின் புகைப்படத்தைப் பார்த்து நான் “சீ, சீ” என்று கூவினேன். ஆயா கோபத்தில் என் முதுகில் ஒன்று வைத்தார்கள். “கூடப் பொறந்தவ மாதிரி இருக்கிற பொண்ணைப் பார்த்து சீன்னு சொல்றானே, யார் கத்துக்கொடுத்தது?” என்றார்கள். அதைச் சொல்லி அக்கா இன்றைக்கும் சிரிக்கிறார்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859இல். 1862 ஒப்பந்தத்தில் கொச்சின்சீனாவின் கிழக்கு மாகாணங்கள் மூன்றும் அவர்கள் கைக்கு வந்தன. 1867இல் மேற்கு மாகாணங்கள் மூன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். இடையில், 1863இல், கம்போடியா அவர்களுடைய பாதுகாப்பில் வந்தது. 1887இல் எல்லாவற்றையும் இணைத்து இந்தோசீன ஒன்றியம் அமைத்தார்கள். 1893இல் லாவோசும் அதில் சேர்ந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஆள எழுத்தர், காவலர், சுங்க ஊழியர், அஞ்சல் ஊழியர், சிறைக் காவலர் எல்லாம் தேவைப்பட்டார்கள். பிரான்சிலிருந்து அத்தனை பேர் சின்னச் சம்பளத்துக்கு வரமாட்டார்கள். பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்து, வெயிலுக்குப் பழகிய ஆட்கள் எங்கே இருந்தார்கள்? நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். வெளியேற்றினார்கள். அவர் விடாமல் பாரீசு உயர் நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த கதை. அதன்பின் 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணை வந்தது. இந்து, கிறித்தவர், முகமதியர் யாராக இருந்தாலும், தம் சாதி மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்படுவதாக எழுதிக் கொடுக்கலாம், குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்தான் ரெனோன்சான்கள். பொன்னுத்தம்பி பிள்ளை, பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் எழுதிக் கொடுத்து, தம் ஞானஸ்நானப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு சைகோனில் இறங்கினால் நம்மவர் பிரெஞ்சுக் குடிமகன். கொச்சின்சீனாவுக்குப் பாரீசு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் உண்டு. அவரைத் தேர்ந்தெடுக்க நம்மவர் வாக்களிக்கலாம். அந்த மண்ணிலேயே பிறந்து, அதையே உழுது நெல் விளைவித்த வியட்நாமியருக்கு அந்த வாக்கு இல்லை. அவர்கள் வெறும் ஆளப்படுபவர்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அக்காவோடு பேசியபோதுதான் அந்தப் பெருமையின் மறுபக்கம் எனக்குப் புரிந்தது.

பெரியப்பா 1930இல், 22 வயதில், சுங்கத் துறையில் சேர்ந்தார். நம்மவர் வாயில் ‘துவான்’. அங்கே அந்தத் துறையின் முழுப்பெயர் ‘துவான் எ ரெழி’. சுங்கத்தோடு அபின், சாராயம், உப்பு ஆகிய மூன்று அரசு ஏகபோகங்களையும் அதுதான் கவனித்தது. 1897இல் தலைமை ஆளுநராக வந்த போல் துமேர் காலத்திலிருந்து இந்தோசீனத்தின் பொது வரவு செலவுக்கு இந்த மூன்றும்தான் தூண். வீட்டுக்குத் தேவையான அரிசிச் சாராயத்தைக் கிராமத்தான் தானே காய்ச்சினால் குற்றம். கடலோரத்தான் தானே உப்பெடுத்து விற்றாலும் குற்றம்.

1930 என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். காரைக்காலிலிருந்து தெற்கே எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். அங்கே உப்பள்ளியதற்காக நம் சனங்கள் அடிபட்ட அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் உப்பையும் சாராயத்தையும் காவல் காக்க எங்கள் பெரியப்பா தொப்பி மாட்டிக்கொண்டார். இதை நான் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“அப்பாவோட முதல் ஊர் மித்தோ. எங்கம்மா ஊர். கல்யாணத்துக்கு முந்தி ஒரு நாள், அம்மாவோட தாய்மாமன் வீட்டிலேயே போய்ச் சோதனை போட்டிருக்காங்க. நெல்லுக் குதிருக்குப் பின்னாடி பானை இருந்திருக்கு. பானையை உடைச்சது அப்பா இல்லை, கூடப் போன ஆளு. ஆனா அபராதத் தாளை எழுதினது அப்பாதான். அபராதம் கட்ட மாமன் எருமையை வித்தாராம்.”

“அப்புறம் எப்படி அக்கா பெரியம்மா அவரைக் கட்டிக்கிட்டாங்க?”

“அதைத்தான் நானும் கேட்டேன். ‘அந்த எருமைக்குப் பணம் கொடுக்க வந்தார், நாலு தடவை வந்தார்’னு சொல்லுவாங்க. மாமன் மட்டும் சாகுற வரைக்கும் எங்க வீட்டுப் படி ஏறலை.”

பெரியப்பாவை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் புண்ணியவான் என்போம். ஊருக்குத் தவறாமல் பணம் அனுப்பியவர். இந்த வீட்டின் முன்கட்டு அவர் காசில் எழும்பியதுதான். 1945 டிசம்பருக்குப் பின் ஒரு பியாஸ்திருக்கு 17 பிராங்கு என்று அரசு விலை வைத்திருந்தது. உண்மை மதிப்பு அதில் பாதி சொச்சம்தான். 1953 மே மாதத்தில் 10 பிராங்காகக் குறைக்கும் வரை, அங்கே சம்பாதித்தவன் வெளியே அனுப்பும் ஒவ்வொரு காசும் கொழுத்தது. நம் ஊரில் அந்தக் காலத்தில் எழும்பிய மாடிகள் பலவற்றின் அடித்தளத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. அந்தப் பணம் எந்த உப்பிலிருந்து, எந்தப் பானையிலிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அக்கா பிறந்தது கம்போடியாவில், புனோம்பென் நகரில், 1943இல். ஏழு வயது வரை அங்கே இருந்தார். அவருடைய இளமை நினைவுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்க விரும்புவது அந்த ஆற்றின் கதைதான். தொன்லே சாப் என்ற ஆறு நகரத்துக்குப் பக்கத்தில் மீகோங்கோடு கலக்கிறது. மழைக்காலத்தில் மீகோங் பெருகும்போது, தண்ணீர் தாங்காமல் இந்த ஆறு திரும்பி வடக்கே ஓடி, பெரிய ஏரியை நிரப்பும். மழை ஓய்ந்தபின் மறுபடி தெற்கே திரும்பும். அந்தச் சமயத்தில், நவம்பர் வாக்கில், படகுப் போட்டியோடு திருவிழா நடக்கும்.

“அப்பா என்னைத் தோள்ல உக்காரவச்சுக் காட்டுவார். ‘பாரு, ஆறு வீட்டுக்குத் திரும்புது’ம்பார். எது ஆத்துக்கு வீடுன்னு எனக்குப் புரியாது” என்றார் அக்கா.

1950இல் பெரியப்பாவுக்குச் சைகோனுக்கு மாற்றல். என் அப்பா அதற்கு முன்பே, 1947இல், அண்ணன் அழைத்ததால் அங்கே போய்விட்டார். அரசு வேலை இல்லை. கத்தினா வீதியில் ஒரு தமிழ் முகமதியரின் துணிக்கடையில் கணக்கெழுதினார். பட்டும் மல்லும் குவிந்திருக்கும் அந்தக் கடையில் கட்டையைச் சுற்றியிருந்த துணிச்சுருளின்மேல் நான் தூங்கிய ஞாபகம் இருக்கிறது.

சைகோன் தமிழர்களில் மூன்று வகையினர் இருந்தார்கள். முதல் வகை எங்களைப் போன்ற உத்தியோகக் குடும்பங்கள், பெரும்பாலும் கிறித்தவர்கள். இரண்டாவது, நம் காரைக்கால், நாகூர்ப் பக்கத்துத் துணி வியாபாரிகள். நகரின் நடுவில் 1935இல் கட்டிய பள்ளிவாசல் தென்னிந்திய முகமதியர் முயற்சி. மூன்றாவது, செட்டிநாட்டு நகரத்தார். ஓகியே வீதியில் வரிசையாகக் கிட்டங்கிகள், பக்கத்திலேயே தண்டாயுதபாணி கோயில். மீகோங் கழிமுகத்து நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் வராமல் போக, அடமான வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. அதனால் பகையும் வந்தது. மாரியம்மன் கோயிலும் உண்டு. அங்கே இன்றைக்கும் வியட்நாமியர் வந்து சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நம்மவர் போய்விட்டார்கள். அம்மன் அங்கேயே தங்கிவிட்டாள்.

வியட்நாமியர் எங்கள் எல்லோரையும் சேர்த்து ‘சா வா’ என்பார்கள். ‘ஜாவாக்காரன்’ என்பதன் திரிபு. உத்தியோகக்காரன், கடைக்காரன், வட்டிக்காரன் என்ற வேறுபாடெல்லாம் எங்களுக்குள் மட்டும்தான். தெருவில் நாங்கள் எல்லோரும் ஒரே நிறம்.

1954 மே 7இல் தியேன் பியேன் பூ விழுந்தது. சூலையில் ஜெனீவா உடன்பாடு. வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. அதே ஆண்டு இங்கே, அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. பிரெஞ்சுக்காரர் அங்கேயும் இங்கேயும் ஒரே ஆண்டில் மூட்டை கட்டினார்கள். நடுவில் நின்றவர்கள் எங்களைப் போன்றவர்கள். பெரியப்பா ஓய்வூதியத்தில் வந்தார். பெரியம்மாவின் உறவெல்லாம் அங்கே என்பதால் சைகோனிலேயே தங்கினார்.

அப்பாவுக்கு ஓய்வூதியம் கிடையாது. 1956 செப்டம்பரில் தென் வியட்நாமின் தியேம் அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டார் 11 தொழில்களைச் செய்யக்கூடாது. சில்லறைத் துணி வியாபாரம் அவற்றில் ஒன்று. சீனர்களை மனத்தில் வைத்துப் போட்ட ஆணை என்றாலும் எங்கள் முதலாளியின் கடையையும் அது மூடியது. 1957இல் நாங்கள் கப்பலேறினோம். கொழும்பில் இறங்கி, ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து தனுஷ்கோடி, பிறகு விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி. துறைமுகத்தில் அக்கா எனக்குக் கொடுத்த காகித விசிறி தனுஷ்கோடிக் காற்றில் பறந்துபோயிற்று. அதற்காக நான் விழுப்புரம் வரை அழுதேன் என்று அம்மா சொல்வார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஆட்சி 1954இல் கைமாறினாலும், இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல்தான். பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க அல்ஜீரியப் போர் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1962 ஆகஸ்டு 16இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் குடியுரிமையை முடிவு செய்தது அந்த ஒப்பந்தம்தான். நம் மண்ணில் பிறந்து அந்தத் தேதியில் இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் மண்ணில் பிறந்து, இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு நேர் தலைகீழ். அவர்கள் தாமாகவே பிரெஞ்சுக்காரராக நீடிப்பார்கள். இந்தியர் ஆக விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். தகப்பனார் எடுக்கும் முடிவுதான் 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும்.

இங்கே சுமார் 5000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு சொல்தா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. சைகோனில் பெரியப்பாவும் எதுவும் எழுதித் தரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் பேனாவையே தொடவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்.

எனக்கு அப்போது 12 வயது. அன்று ஒன்றும் தெரியவில்லை. இருபது வயதில் தெரிந்தது. பிரெஞ்சு வழியில் பிரவே முடித்தவனுக்கு ஊரில் வேலை இல்லை. சொல்தா வீட்டுப் பிள்ளைகள் மூவரும் விமானமேறிப் போனார்கள். நான் தட்டச்சு நிலையத்தில் ஆங்கிலம் படித்தேன். 1971இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். ‘தங்களின் மேலான பார்வைக்கு’ என்று கோப்பு எழுதியே தலை நரைத்தது. அப்பா சோம்பலால் கெடுவைத் தவறவிட்டார் என்றே நினைத்தேன். ஒருமுறை சண்டையில் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன்: “ஒரு கையெழுத்து. அதைக்கூட உங்களால போட முடியலை.” அவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிட்டார். 1984இல் காலமானார். அதைப்பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

இன்னொரு குறையும் எனக்கு இருந்தது. இந்த வீட்டின் முன்கட்டில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. நாங்கள் ஆறு பேர் பின்கட்டில் இரண்டு அறையில் நெருக்கிக்கொண்டு படுப்போம். வாடகைக்கு விட்டாலாவது கைச்செலவுக்கு ஆகும். அப்பா விடமாட்டார். “அது அண்ணன் அறை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியப்பாவோ 1971இல் சைகோனிலேயே இறந்துபோனார். அதன்பிறகும் அப்பா அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தவர்களை அடுத்து வந்த மாதங்களில் விமானங்களில் பாரீசுக்கு அனுப்பினார்கள். 1976இல் பெரியம்மாவும் அக்காவும் ஆளுக்கு ஒரு பெட்டியோடு போனார்கள். அக்கா அங்கே ஆசிரியை வேலை பார்த்தார். பாரீசுக்கு வடக்கே சர்செல் நகரில், அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார்கள். பெரியம்மா 1998இல் மறைந்தார்.

இந்த ஜனவரியில் அக்கா ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்கு மாறப் போகிறாராம், பெட்டிகளைக் காலி செய்கிறாராம். “இது உங்கப்பா எழுதினது. அம்மா பெட்டியில இருந்தது. அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனா தூக்கிப்போடலை. உன்கிட்ட இருக்கட்டும்” என்றார்.

நீலக் காகிதம். தலைப்பில் சேசு மரி சூசை. 1962 டிசம்பர். அப்பாவின் கணக்குப்பிள்ளைக் கையெழுத்து. வீட்டு விஷயங்களை விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்தெழுதுகிறேன்:

“அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. கோன்சுலா போய்ப் பத்திரம் வாங்கி வந்தேன். இன்னும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. அம்மாவுக்குக் கண் போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர்களை ஒருநாள் ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமோ பொய்யோ, அம்மாவை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன். பையனுக்கு இங்கே சர்க்கார் உத்தியோகம் ஆகவேண்டுமானால் இந்தியனாக இருப்பதே மேல் என்றும் சொல்கிறார்கள். தாங்களும் இந்தியனாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. அங்கே சண்டை பெருகினால் அண்ணியையும் பிள்ளையையும் வெளியே கொண்டுவரப் போவது பிரெஞ்சுக் கடவுச்சீட்டுதான். தாங்கள் அப்படியே இருங்கள். நான் இப்படியே இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் போய், அந்தப் பக்கம் சாய்ந்தால் நமக்குப் போக இடமில்லை. முன்கட்டு அறையை யாருக்கும் விடமாட்டேன். எப்போது வந்தாலும் அது தங்களுடையது.”

நான் இரண்டு முறை படித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என் 60 வயது வரை ஓடிய உத்தியோகம், இன்று மாதம் பிறந்தால் வரும் ஓய்வூதியம், எல்லாம் அந்தக் கடிதத்தில் ஒரு வரியாக இருக்கிறது. அவர் தவறவிட்டது எதுவும் இல்லை. பத்திரத்தை வாங்கி வந்து, யோசித்து, அண்ணனுக்கு எழுதி, எழுதாமல் வைத்திருக்கிறார். 1976இல் அந்த விமானத்தில் அக்காவுக்கு இடம் கிடைத்தது பெரியப்பா அந்தச் சொல்லைக் கேட்டதால்தான். இதை அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்ட விதத்தில் கேட்டால் யார்தான் சொல்வார்கள்?

“சித்தப்பா கெட்டிக்காரர்” என்றேன் அக்காவிடம், அவர் பக்கத்திலிருந்து பேசுவதுபோல.

“கெட்டிக்காரர்தான். ஆனா தம்பி, இதுல எங்கம்மா பேரு எங்கே இருக்கு? ‘அண்ணியை வெளியே கொண்டுவர’ன்னு இருக்கு. அவங்க வெளியே வர ஆசைப்பட்டாங்களான்னு ரெண்டு பேரும் கேக்கலை. சர்செல்ல இருபத்திரண்டு வருஷம் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தாங்க. பனி பெய்யறப்போ, ‘மித்தோவில இந்நேரம் அறுப்பு’ம்பாங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஒப்பந்தத்தின் பிரிவுகளில் தகப்பன் உண்டு, பிள்ளை உண்டு, குடியிருப்பு உண்டு, தேதி உண்டு. மித்தோவில் பிறந்து, புதுச்சேரிக்காரரைக் கட்டி, அதனால் பிரெஞ்சுக்காரியான ஒரு பெண் எங்கே சாக விரும்புவாள் என்பதற்கு அதில் இடம் இல்லை. எங்கள் அப்பா எழுதிய கடிதத்திலும் இல்லை. இரண்டையும் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை.

மறுநாள் அக்கா சமையலறையில் புகுந்துவிட்டார். பெரியம்மா கைப்பக்குவத்தில் சாயோ. அரிசித்தாளைத் தண்ணீரில் நனைத்து விரித்து, கொத்தின பன்றி இறைச்சி, கண்ணாடிச் சேமியா, கறுப்புக் காளான், வெங்காயம் வைத்துச் சுருட்டிப் பொரித்தெடுக்க வேண்டும். கீரை இலையும் புதினாவும் சுற்றி, நொக் மாம் என்ற மீன் சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டும். என் மனைவி, “அண்ணி, நீங்க உக்காருங்க, நான் சுருட்டறேன்” என்றாள். அக்கா கேட்கவில்லை. முழங்கால் வலியோடு நின்றுகொண்டே நாற்பது சுருட்டினார். பேரன் பன்னிரண்டு தின்றான்.

ஊருக்குப் போகும் முன்தினம் அக்கா முன்கட்டு அறைச் சாவியை என்னிடம் நீட்டினார். “அடுத்த வருஷம் வர முடியுமான்னு தெரியலை. கால் ஒத்துழைக்கலை. பேரன் படிக்க இடமில்லாம மாடிப்படியில உக்காந்திருக்கான். இந்த அறையை அவனுக்குக் கொடுத்துடு” என்றார்.

“இது பெரியப்பா அறை அக்கா.”

“உங்கப்பா சொன்ன சொல்லை அறுபது வருஷத்துக்கு மேல காப்பாத்தியாச்சு. போதும்.”

சாவியை வாங்கிக்கொண்டேன். பேரன் புத்தகங்களை அடுக்கிவிட்டான். மேசை மட்டும்தான் போட்டிருக்கிறோம். கட்டிலையும், சுவரில் இருக்கும் பெரியப்பா பெரியம்மா படத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு முன் ஒருமுறை பூட்டுக்கு எண்ணெய் போடவேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கோத்து டப்பா இருக்கலாம். அதில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.